இரண்டு பக்கமும் செலவு

"வேதாளம் ராஜாகிட்டக் கேள்வி கேக்குதுல்ல, அதைக் கட்டம் போட்டுக் கொண்டா" என்றார் அக்கா. அதுதான் முதல் பாடம். விக்கிரமாதித்தன் கதையைச் சின்ன வயதிலிருந்து கேட்டவன்தான், ஆனால் அதைக் கட்டமும் அம்புக்குறியுமாக நினைத்துப் பார்த்ததில்லை. விடை தெரிந்தும் வாய் திறக்காவிட்டால் தலை சுக்குநூறாகும். திறந்தாலோ வேதாளம் மறுபடி முருங்கை மரத்தில் போய்த் தொங்கும். தாளைப் பார்த்துவிட்டு அக்கா சொன்னார்: "எந்தப் பக்கம் போனாலும் ராஜாவுக்குச் செலவு இருக்கு பாரு. ஒரு பக்கம் இலவசம்னா எல்லாரும் அதுலயே போயிருவாங்க. அப்புறம் எதுக்குக் கண்ணு கேள்வி?"

வாசகர் தேர்ந்தெடுக்கும் வழியில் திரும்பும் கதையை எழுத நான் பழகியது சேலம் அம்மாபேட்டையில், கீழே தறி ஓடும் வீட்டின் மாடியில். அக்கா பெங்களூரில் கைப்பேசி விளையாட்டுகளுக்கு வசனம் எழுதியவர். இப்போது ஊரிலிருந்தே அதே வேலை.

கருவி, ட்வைன். கிறிஸ் கிளிமாஸ் என்பவர் 2009இல் வெளியிட்ட இலவச மென்பொருள். கதையின் ஒவ்வொரு துண்டும் திரையில் ஒரு பெட்டி. இரட்டைச் சதுர அடைப்புக்குள் [[தறிக்குப் போ]] என்று அடித்தால் அந்தப் பெயரில் புதுப் பெட்டி தானே முளைத்து, அம்புக்குறியும் வந்துவிடும். தமிழில் எழுதுகிறவருக்கு இதில் ஒரு பொறி உண்டு. இன்னொரு இடத்தில் ஒற்றை விட்டுவிட்டு 'தறிக்கு போ' என்று அடித்தால் ட்வைனுக்கு அது வேறு பெட்டி. பள்ளியில் சந்திப்பிழைக்கு மதிப்பெண்தான் போகும், இங்கே கதையே அறுந்துவிடும். அதனால் பெட்டிகளுக்குத் 'தறி1', 'வண்டி2' என்று மொட்டைப் பெயர் வைத்து, வாசகர் கண்ணில் படும் வரியைத் தனியாக எழுத வேண்டும்: [[தறிக்குப் போ->தறி1]].

அதைவிடப் பெரிய தலைவலி, வாசகரை எப்படிக் கூப்பிடுவது என்பது. இந்த வகைக் கதையைப் பரப்பிய புத்தக வரிசையின் முதல் நூல், எட்வர்ட் பேக்கார்டின் 'தி கேவ் ஆஃப் டைம்', 1979இல் வந்தது. அதில் 40 முடிவுகள். மகள்களுக்குத் தூங்கும் நேரத்தில் சொன்ன கதையில் அடுத்து என்ன என்று தோன்றாமல், அவர்களையே கேட்டதில் பிறந்த யோசனை அது. ஆங்கிலத்தில் வாசகரை விளிக்க ஒரே சொல் போதும், வயதும் மரியாதையும் அதில் ஒட்டாது. நமக்கு 'நீ' என்றால் பெரியவருக்கு உறுத்தும், 'நீங்கள்' என்றால் பள்ளிப் பையன் உள்ளே வரமாட்டான். பெயரைக் கேட்டு வாங்கி வைத்தாலும் வேற்றுமை உருபு சேராது: மாலதி என்று தட்டினால், இயந்திரம் 'மாலதிஐ' என்று நிற்கும். 'கதவு திறந்தாயிற்று' என்று எழுவாயை ஒளித்து எழுதலாம்தான், ஆனால் நாலு பெட்டி தாண்டினால் அரசாங்க அறிவிப்பு மாதிரி ஆகிவிடும். கடைசியில் கதையைச் சொல்லும் பொறுப்பை ஓர் அப்பாயியிடம் கொடுத்தோம். அப்பாயி 'நீ' என்றால் யாருக்கும் கோபம் வராது.

கதை எங்கள் தெருவிலேயே கிடைத்தது. ஆடித் திருவிழாவில் இங்கே வண்டி வேடிக்கை பெயர்பெற்றது. சாமி வேடமிட்டவர்கள் அலங்கரித்த வண்டிகளில் வீதி சுற்றி வருவார்கள். எங்கள் கதையில் பதினேழு வயதுப் பையனுக்கு முருகன் வேடம் கிடைத்திருக்கிறது. தறியிலோ ஆவணி முகூர்த்தத்துக்கான பட்டுச்சேலை, முந்தி இன்னும் ஒரு முழம் பாக்கி. அப்பாவுக்குக் காய்ச்சல். தறியில் உட்கார்ந்தால் மேளச் சத்தம் வாசலைக் கடந்து போகும். வண்டியில் ஏறினால் அந்த ஒரு முழத்தை வேறொருவர் நெய்வார், கூலியும் பிரியும்.

இப்படி ஒவ்வொரு இடத்திலும் இரண்டாகக் கிளைத்தால், பத்தாவது திருப்பத்தில் 1,024 முடிவுகள். யாராலும் எழுத முடியாது. எனவே கிளைகளை மறுபடி ஓரிடத்தில் சேர்க்க வேண்டும். 1967இல் மான்ட்ரியால் உலகக் கண்காட்சியில் செக் நாட்டவர்கள் 'கினோஆட்டோமாட்' என்ற படத்தைக் காட்டினார்கள். பார்வையாளர்கள் பொத்தானை அழுத்தி வாக்களிக்க, கதை அதன்படி நகரும். ஆனால் எப்படி வாக்களித்தாலும் இரண்டு வழியும் அடுத்த கேள்வியில் வந்து சேரும்படிதான் எடுத்திருந்தார்கள். எனக்கு அது ஏமாற்றாகத்தான் பட்டது. அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. கூத்தில் துரியோதனன் பிழைப்பானா என்று பார்க்கவா விடிய விடிய உட்காருகிறோம் என்று கேட்டார். 'வெண்பா'வையும் விளையாடச் சொன்னார். டொரான்டோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட விளையாட்டு அது. கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதை. சிதைந்துபோன சமையல் குறிப்பில் விட்டுப்போனதை நாமே ஊகித்துச் சமைக்க வேண்டும். குடும்பத்தின் பெரிய திருப்பங்கள் நம் கையில் இல்லை, ஆனாலும் இட்லிப் பானையில் தட்டை அடுக்கியது நாம்தான் என்ற உரிமை வந்துவிடுகிறது.

முடிவு ஒன்றாகவே இருக்கட்டும், ஆனால் வாசகர் செய்ததைக் கதை மறக்கக்கூடாது என்று அங்கே சமாதானமானோம். ட்வைனில் அதற்கு மாறி என்று ஒன்று உண்டு. என்ன தேர்ந்தார் என்பதை அது பிடித்து வைத்துக்கொண்டு, பின்னால் வேண்டிய இடத்தில் வரியை மாற்றும். எங்கள் கதை எப்படிப் போனாலும் அந்தச் சேலை கல்யாண மண்டபத்துக்கு வந்துவிடும். தறியில் உட்கார்ந்திருந்தால் பையன் கண் மணப்பெண்ணின் முந்தியில் நிற்கும். வண்டியில் ஏறியிருந்தால் அதே முந்தியில் ஊடையின் நெருக்கம் மாறும் இடம் தெரியும், வேறு கை அடித்தது. மண்டபத்தில் அவனுக்கு மட்டும்தான் அது தெரியும். மாறுவது இரண்டே வரிதான், மொத்தக் கதையிலும் அதிக நேரம் எடுத்துக்கொண்டதும் அவைதான்.

கீழ் வீட்டுப் பெரியம்மாவிடம் கைப்பேசியைக் கொடுத்துச் சோதித்தோம். தறியா வண்டியா என்று கேட்கும் இடத்தில் இரண்டு வழியையும் படித்தார், எதையும் தொடவில்லை. "ஏன் சாமி, சேலை குடுத்தவருகிட்ட ஒரு நாள் தவணை கேட்டா ஆகாதா?" என்றார். அக்கா என்னைப் பார்த்தார். அன்று ராத்திரியே 'தவணை1' என்று ஒரு பெட்டி திறந்தேன். அதில் சேலை கொடுத்தவர் ஒரு நாள் தவணை கொடுக்கிறார், ஆனால் அடுத்த பாவு வேறு வீட்டுக்குப் போகிறது.