காலும் ரகரமும்

யந்திரங்களின் மீது எனக்கு ஆசை உண்டு. இலக்கிய நண்பர்களிடம் இதைச் சொல்லிக்கொள்வதில் சற்றுக் கூச்சமும் உண்டு. புதிய சாதனம் எது வந்தாலும் முதல் ஆளாக வாங்கி, திறந்து பார்த்து, அதன் பழக்கவழக்கங்களைக் கற்றுக்கொண்டு, பிறரையும் அதற்கு இழுத்துவிடுவது என் சுபாவம். இப்படி நான் இழுத்துவிட்டவர்களில் ஒருவர் கவிதை எழுதிவந்த என் நண்பர். ஏரல்காரர். 1996இல் பாளையங்கோட்டையில் என் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்ததும் அவருடைய நாற்பத்தொரு கவிதைகளை நானே டைப் செய்து ஃபிளாப்பியில் போட்டேன். அவர் திரையைப் பார்த்துவிட்டு, "என்ன வே, இத நாளைக்கு எவன் வாசிப்பான்?" என்றார். நான் சிரித்தேன். காகிதம்தான் அழியும், இது அழியாது என்று ஒரு பிரசங்கமும் செய்தேன்.

அந்நாளில் கம்ப்யூட்டருக்குத் தமிழ் தெரியாது. தெரிந்ததுபோல் நடிக்கவைத்தோம். எழுத்துகளுக்கு மொத்தம் 256 இடங்கள். ஆங்கில எழுத்துகள் இருந்த இடங்களில் தமிழ் வடிவங்களை உட்காரவைப்பார்கள். எந்த இடத்தில் எந்த எழுத்து என்பது தயாரித்தவர் இஷ்டம். அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் கவிதை ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமான குப்பையாகக் கிடக்கும். போதாததற்கு நான் வாங்கிய மென்பொருளுக்கு ஒரு பூட்டும் கொடுத்திருந்தார்கள். பிரிண்டர் செருகும் துளையில் அதைச் செருகினால்தான் மென்பொருள் திறக்கும். திருட்டுப் பிரதியைத் தடுக்க ஏற்பாடு. நியாயமானதுதான்.

பிறகு வந்தவை எல்லோருக்கும் தெரியும். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை அடுத்து டாம், டாப் என்ற பொதுக் குறியீடுகள் வந்தன. 1991இல் தொடங்கிய யூனிகோடில் தமிழுக்கு இடம் இருந்தும், அது நம் மேஜைகளுக்கு வந்துசேர வருஷங்கள் ஆயின. 2010இல் தமிழக அரசு அதை ஏற்றது. ஃபிளாப்பி போய்க் குறுந்தகடு, குறுந்தகடு போய்ப் பென்டிரைவ். ஒவ்வொரு மாற்றத்தையும் உற்சாகமாக வரவேற்றேன். மென்பொருளை விற்ற கம்பெனி எப்போது கடையை மூடியது என்றுகூட நான் கவனிக்கவில்லை. பூட்டு என் மேஜையறையில் கிடந்தது. அதைச் செருகுகிற துளைதான் எந்தக் கம்ப்யூட்டரிலும் இல்லாமல் போயிற்று.

நண்பர் 2004இல் இறந்தார். அவருடைய நோட்டுப்புத்தகங்கள் ஏரல் வீட்டில் இருந்தன. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை இந்தப் பக்கத்தார் மறக்கக்கூடியதல்ல. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். ஆறு ஏரலுக்குள் வந்தது. தண்ணீர் வடிந்தபின் போனேன். நோட்டுகளை மொட்டைமாடியில் காயப்போட்டிருந்தார்கள். பால்பாயிண்ட் பேனாவில் எழுதிய வீட்டுக்கணக்கு அப்படியே இருந்தது. அந்த மை எண்ணெய் சேர்ந்தது, தண்ணீருக்குக் கரையாது. நண்பர் கவிதைக்கென்று மைப்பேனா வைத்திருந்தார். பக்கம் பக்கமாக வெளிறிய நீலம்தான் மிச்சம். அவர் மனைவி, "அண்ணாச்சி, ஒங்க பொட்டியில இருக்கும்லா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். வேறு என்ன சொல்ல?

ஃபிளாப்பியைப் படிக்கும் கருவி ஒன்றைத் தேடிப் பிடித்தேன். அதிர்ஷ்டம், கோப்புகள் கெடவில்லை. ஆனால் குப்பை. பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் சோதனைக்காக அடித்த ஆறு தாள்கள் மட்டும் என்னிடம் மிஞ்சியிருந்தன. தாளில் இருக்கும் தமிழ் எழுத்துக்குக் கோப்பில் எந்தக் குறி என்று ஒவ்வொன்றாகப் பட்டியல் போட்டேன். ஒரு மாதம் பிடித்தது. பட்டியல் முடிந்ததும் இன்னொரு சிக்கல். பழைய எழுத்துரு கண் பார்க்கும் வரிசையில் எழுத்தைச் சேமித்திருந்தது: கொம்பு முதலில், மெய் அடுத்து. யூனிகோடு வாய் உச்சரிக்கும் வரிசையில் சேமிக்கிறது: மெய் முதலில், கொம்பு பின்னால். அதற்கும் ஒரு சிறு நிரல் எழுதிச் சரிசெய்தேன். கவிதைகள் எழுந்து வந்தன. அந்த இரவில் நான் அடைந்த சந்தோஷத்தை யந்திரப் பிரியர்களால்தான் புரிந்துகொள்ள முடியும்.

உ.வே.சாமிநாதையர் பத்துப்பாட்டு ஏடு தேடி இந்த ஆற்றங்கரையில் ஆழ்வார்திருநகரிக்கு வந்தார். 1889இல் அந்தப் பதிப்பு வெளிவந்தது. அவர் ஏடு தேடிப் போன ஊர்களில் கரிவலம்வந்தநல்லூரும் ஒன்று. அங்கே கோயிலில் இருந்த பழைய ஏடுகளை ஆகம விதி என்று சொல்லி நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டுவிட்டதாகக் கேட்டு அவர் பதறியதை எழுதியிருக்கிறார். நெருப்பில் போடுவதோ ஆற்றில் விடுவதோ அல்ல இங்கே குற்றம். பனையோலை எப்படியும் மட்கும். முதலில் புதிய ஓலையில் பெயர்த்து எழுதவேண்டும், பிறகு பழையதைக் கரைக்கலாம். பெயர்த்தெழுதும் வேலையை விட்டுவிட்டுச் சடங்கை மட்டும் செய்வதில்தான் நாசம் இருக்கிறது.

மாறும் சாதனங்களைப் பற்றி என் அபிப்பிராயம் இவ்வளவுதான். மாற்றத்தின் வேகத்தைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. புதியது வருகிறபோது பழையதைப் பெயர்த்தெழுதும் பொறுப்பு யாருடையது என்ற கேள்விக்கு விற்பவனிடம் பதில் இல்லை. வாங்குகிற நானும் அதைக் கேட்டதில்லை. இப்போது பல மென்பொருள்கள் விலைக்குக்கூடக் கிடைப்பதில்லை, வாடகைக்குத்தான். வாடகை நின்றால் நம் எழுத்து நம்மிடம் இருந்தும் திறக்காமல் போகலாம். அன்றாவது பூட்டு என் மேஜையறையில் இருந்தது.

கதை இங்கே முடியவில்லை. டைப் செய்தபோது பல இடங்களில் காலுக்குப் பதில் ரகரத்தை அடித்திருக்கிறேன். அன்றைய திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தன. கண்ணுக்குப் பேதமில்லை, யந்திரத்துக்கு உண்டு. பெரும்பாலான இடங்களில் சொல்லைப் பார்த்துத் திருத்திவிட முடிந்தது. ஒரு கவிதையில் முடியவில்லை. குறுக்குத்துறைப் படித்துறையில், வெள்ளம் கோயிலை மூழ்கடித்து ஓடும்போது, ஒருவன் எதிர்க்கரையைப் பார்த்து நிற்கிறான். கடைசிச் சொல் 'வர' என்று நிற்கிறது. அது 'வா'வாகவும் இருக்கலாம். 'வா' என்றால் அவன் கூப்பிடுகிறான். 'வர' என்றால் வாக்கியம் முடியாமல் நிற்கிறது, அவனும் நிற்கிறான். இரண்டும் அவர் எழுதக்கூடியவைதான். ஆனால் ஒரே கவிதை அல்ல.

நோட்டில் அந்தப் பக்கத்தைத் தேடினேன். நீலக் கறை. அந்தக் கவிதை எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை.

பழைய ஓலைகளில் காலுக்கும் ரகரத்துக்கும் வடிவத்தில் வேறுபாடு கிடையாது. பதிப்பாசிரியர்கள் அதில் பட்ட அவஸ்தையைப் படித்து, அந்த யுகம் ஒழிந்தது என்று நிம்மதி கொண்டவன் நான். யூனிகோடில் இரண்டில் ஒன்றை அடித்தாக வேண்டும். 'வர' என்று அடித்தேன். கீழே ஒரு குறிப்புப் போட்டிருக்கிறேன்: 'வா' எனவும் பாடம். ஏடெழுதியவனின் பிழை என்று வழக்கமாகச் சொல்வோமே, அது இங்கே நான்.