கருமுட்டை சேகரிப்பும் நாங்கள் கேட்ட கேள்விகளும்



குழந்தைப்பேறு சிகிச்சையைப் பற்றி நம் குடும்பங்களில் இரண்டு விதமாகவே பேசப்படுகிறது. "ஸகரிய்யா நபியின் துஆவை ஓதி வாருங்கள்" என்பது ஒன்று. "எந்த ஆஸ்பத்திரி, எவ்வளவு ஆகிறது" என்பது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு பெண்ணின் உடலில் என்ன நடக்கிறது என்பதை எவரும் சொல்வதில்லை. திருமணமாகி ஒன்பதாம் ஆண்டில் நாங்கள் மேலப்பாளையத்திலிருந்து மதுரைக்குச் சிகிச்சைக்குப் போனபோது, கருமுட்டை சேகரிப்பு என்ற ஒரு நாளைக் குறித்து எங்களுக்குச் சொல்லித்தர உறவில் யாரும் இருக்கவில்லை. இருந்தவர்கள் வாய் திறக்கவில்லை என்பதே சரி. ஆகவே கணவன் மனைவி இருவரும் சேர்ந்தே இதை எழுதுகிறோம். துஆவையும் ஓதினோம், ஊசியும் போட்டுக்கொண்டோம்.

முதல் பரிசோதனையிலேயே ஏ.எம்.எச். அளவு குறைவு என்று தெரிந்தது. கருப்பையில் குறையில்லை, சினைப்பையில் மீதமிருக்கும் முட்டைகள்தாம் குறைவு என்று மருத்துவர் விளக்கினார். போதிய முட்டை கிடைக்காவிட்டால் வேறொரு பெண் தானமாகத் தரும் முட்டையைப் பயன்படுத்தலாம் என்றும் சொன்னார். எல்லோரிடமும் சொல்வதை எங்களிடமும் சொன்னார். அதில் அவர்மீது குறை காண ஒன்றுமில்லை. ஆனால் எங்களுக்கு அந்த வாசல் இல்லை. 1986ஆம் ஆண்டு அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் பேரவை, கணவனின் விந்தும் அவனுடைய மனைவியின் முட்டையும் சேர்ந்து அதே மனைவியின் கருப்பைக்குள் செல்லும் முறையைத் தேவையின்போது அனுமதித்தது. மூன்றாமவர் குறுக்கிடும் முறைகளைத் தடுத்தது. நஸபு கலந்துவிடக் கூடாது என்பதே காரணம். எனவே சேகரிப்பு நாளில் எத்தனை முட்டைகள் கிடைக்கின்றனவோ அவைதாம் எங்களுக்கு இருந்த முழுக் கையிருப்பு.

மாதவிடாயின் இரண்டாம் நாளிலிருந்து ஊசிகள் தொடங்கின. தொப்புளுக்குக் கீழே, தோலுக்கடியில், நாள்தோறும் ஒரே நேரத்தில். மருந்தைக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும், ஆனால் உறைந்துவிடக் கூடாது. வழக்கமாக ஒரு மாதத்தில் ஒரு முட்டை மட்டும் முதிரும். இந்த மருந்து ஒரே நேரத்தில் பலவற்றை வளரச் செய்கிறது. இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்து, முட்டை வளரும் நீர்ப்பைகளின் அளவை மில்லிமீட்டரில் குறித்தார்கள். முன்னணியில் இருந்தவை 18 மில்லிமீட்டரைத் தொட்டபோது பதினோரு நாட்கள் ஆகியிருந்தன. வயிறு உப்பி, நடக்கும்போது கனத்தது.

பிறகு ஒரே ஓர் ஊசி. முட்டைகளை இறுதியாக முதிரச் செய்வது அது. அதைப் போட்டு 34 முதல் 36 மணி நேரத்துக்குள் முட்டைகளை எடுத்துவிட வேண்டும்; தாமதமானால் அவை தாமாகவே வெளியேறிவிடலாம். எங்களுக்கு வியாழன் இரவு 11 மணி என்று குறித்துத் தந்தார்கள். இந்த நேரத்தில் மட்டும் "கொஞ்சம் முன்னே பின்னே" என்பதற்கு இடமில்லை. ராத்தா வீட்டில் தங்கியிருந்தோம். இஷா தொழுதுவிட்டு மூன்று கைபேசிகளில் அலாரம் வைத்தோம்.

சனிக்கிழமை காலைக்கு முன்பாகவே கேட்டு வைக்க வேண்டியவை சில உண்டு. எடுப்பவர் பெண் மருத்துவரா, மயக்க மருந்து கொடுப்பவர் யார் என்று கேட்டோம். மருத்துவர் பெண், மயக்கவியல் மருத்துவரும் பெண்ணாக அமைய முன்கூட்டிச் சொன்னதால் நாளை மாற்றித் தந்தார்கள். அன்று காலையில் கேட்டிருந்தால் முடிந்திருக்காது. தலையை மூடும் துணித்தொப்பியும் முழுக்கை அங்கியும் கேட்டவுடன் கிடைத்தன. அத்தர் பூசி வரக் கூடாது என்பது எங்களுக்குப் புதிய செய்தி. கருவை வளர்க்கும் ஆய்வகத்தின் காற்றில் வாசனைப் பொருள்கள் கலக்கக் கூடாதாம். கணவருக்கும் இது பொருந்தும்.

கணவர் அன்றே விந்து மாதிரி தர வேண்டும். அதற்கென்று உள்ள அறையில் வைத்திருக்கும் படங்களும் காணொளிகளும் நமக்கு வேண்டியதில்லை. மனைவியும் உடன் வரலாமா என்று வெட்கப்படாமல் கேளுங்கள். தம்பதியர் இருவரையும் அனுமதிக்கும் மருத்துவமனைகள் இருக்கின்றன. இதைப் பற்றி ஆலிமிடம் கேட்கவும் கூச்சம் தேவையில்லை. எங்கள் மஹல்லா ஹஜ்ரத் முகம் சுளிக்காமல் பதில் சொன்னார்.

சேகரிப்பு என்பது, எதிர்பார்த்திருந்த அச்சத்தோடு ஒப்பிட்டால், மிகச் சிறியது. ஆறு மணி நேரம் உணவில்லை. நரம்பில் மருந்து செலுத்தியதும் உறக்கம். ஸ்கேன் கருவியோடு இணைந்த மெல்லிய ஊசியை யோனிச் சுவர் வழியாகச் சினைப்பைக்குள் செலுத்தி, ஒவ்வொரு பையின் நீரையும் உறிஞ்சிச் சோதனைக் குழாய்களில் சேர்க்கிறார்கள். வெட்டும் இல்லை, தையலும் இல்லை. பக்கத்து ஆய்வகத்தில் நுண்ணோக்கியின் கீழே அந்த நீரில் முட்டைகளைத் தேடுகிறார்கள். எங்களில் ஒருவர் உள்ளே உறங்க, மற்றவர் வெளியே தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தார். இருபது நிமிடத்தில் முடிந்தது.

விழித்ததும் மாதவிடாய் வலியைப் போன்ற ஒரு பிடிப்பும், சிறிது இரத்தக் கசிவும் இருந்தன. மயக்கத்தில் நினைவு தவறியதால் உளூ முறிந்துவிடும். புதிதாக உளூச் செய்து, நாற்காலியில் அமர்ந்து லுஹர் தொழப்பட்டது. கசிவைப் பற்றி ஹஜ்ரத்திடம் முன்பே கேட்டிருந்தோம். ஊசி துளைத்த இடத்திலிருந்து வருவதால் அது ஹைளு அல்ல. கசிவு தொடர்ந்தால் கழுவி, பஞ்சு வைத்து, ஒவ்வொரு தொழுகையின் நேரம் வந்தபின் உளூச் செய்து தொழ வேண்டும் என்றார். ஒன்றிரண்டு வாரத்தில் மாதவிடாய் வந்தால் அதன் சட்டம் வேறு.

வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு தாளைத் தந்தார்கள். அதைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வைத்தோம். வயிறு வேகமாக வீங்குதல், ஓரிரு நாளில் எடை கூடுதல், மூச்சுத் திணறல், சிறுநீர் குறைதல், நிற்காத வாந்தி, காய்ச்சல், அதிக இரத்தப்போக்கு: இவற்றுள் எது வந்தாலும் நள்ளிரவானாலும் அழைக்க வேண்டும். முட்டைகள் அதிகமாக வளரும் பெண்களுக்கு, குறிப்பாக நீர்க்கட்டிச் சிக்கல் உள்ளவர்களுக்கு, சினைப்பை மிகைத் தூண்டல் ஏற்படும் வாய்ப்பு கூடுதல். "கொஞ்சம் பொறுத்துக்கொள்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் இடம் இதுவன்று.

எங்களுக்குக் கடினமாக இருந்தது அதற்குப் பிந்தைய ஐந்து நாட்கள்தாம். ஏழு முட்டைகள் என்றார்கள். செய்தி கேட்ட மாமி, "மாஷா அல்லாஹ், ஏழையும் எப்படி வளர்க்கப் போறிய?" என்றார்கள். சிரித்தோம். மாலையில் அழைத்து, ஐந்துதான் முதிர்ந்தவை என்றார்கள். மறுநாள், மூன்று கருவுற்றிருக்கின்றன. ஐந்தாம் நாள், உறையவைக்கத் தகுந்த நிலையை அடைந்தது ஒன்று. இப்படிக் குறைந்துகொண்டே வருவது இயல்பு என்பதை யாரேனும் முதலிலேயே சொல்லியிருந்தால், ஒவ்வோர் அழைப்பையும் ஓர் இழப்புச் செய்தியாகக் கேட்டிருக்க மாட்டோம். மாமியிடம் ஒவ்வொரு நாளும் எண்ணிக்கையைச் சொல்வது தனிச் சோதனை. இனி அடுத்தவர்கள் ஐந்தாம் நாள் வரை எண்ணிக்கையை வீட்டில் சொல்லாமலிருக்கலாம் என்பது எங்கள் எண்ணம்.

ஒப்புதல் படிவங்களைச் சேகரிப்புக்கு மூன்று நாள் முன்பே வாங்கிப் படித்தோம். 2021ஆம் ஆண்டின் இனப்பெருக்கத் தொழில்நுட்பச் சட்டப்படி நம் நாட்டில் எழுத்துபூர்வ ஒப்புதல் கட்டாயம். கருவைப் பத்தாண்டு வரை உறைநிலையில் வைக்கலாம். கருப்பையில் வைக்கும் முன்பு வரை ஒப்புதலைத் திரும்பப் பெறலாம். மீதமாகும் கருவைப் பிறருக்குத் தரலாமா என்ற கேள்விக்கு 'இல்லை' என்று எழுதினோம். கணவர் இறந்துவிட்டால் கருவை என்ன செய்வது என்ற கேள்வி வந்தபோது நெடுநேரம் பேனாவை எடுக்கவில்லை. மரணத்தோடு நிகாஹ் பந்தம் முடிகிறது, அதன்பின் அக்கருவைப் பயன்படுத்தலாகாது என்பதே இக்கால ஆலிம்கள் பெரும்பாலோரின் கருத்து. அவ்வாறே எழுதி, இருவரும் கையெழுத்திட்டோம். ஒவ்வொரு குழாயிலும் இருவர் பெயரும் இருக்கிறதா, சரிபார்க்கும்போது இரண்டாவது ஆள் உடனிருப்பாரா என்றும் கேட்டோம். உண்டு என்று சொல்லி, பெயர்ச்சீட்டையே காட்டினார்கள்.

அந்த ஒரு கரு இப்போது திரவ நைட்ரஜனில் இருக்கிறது. அடுத்த மாதவிடாயின் இரண்டாம் நாள் அழைக்கச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் துஆக்களில் எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வஸ்ஸலாம்.