பாலத்துக்கு அப்பால் மூன்று வீடுகள்

மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை நான் கதை திருடுகிறேன். புனேயில் எங்கள் ஃபிளாட்டின் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி ஐந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள்: ஒரு வங்கி அதிகாரி, ஒரு பல் டாக்டர், இரண்டு கம்ப்யூட்டர் ஆசாமிகள், ஒரு கல்லூரி மாணவன். காகிதம், பென்சில், இருபது முகப் பகடை, ஒரு தட்டு பாக்கர்வடி. ஐவருக்கும் ஆளுக்கொரு பாத்திரம். நான் கேம் மாஸ்டர். மற்ற எல்லோரும், மழையும் காடும் உட்பட, என் பொறுப்பு. "பாதை இரண்டாகப் பிரிகிறது, என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்பேன். அவர்கள் சொல்வார்கள். அது பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். ரோல் பிளேயிங் கேம் என்பது இவ்வளவுதான். வயதானவர்கள் செய்கிற காரியமா என்று என் மனைவி கேட்பதுண்டு.

மாதம் இரண்டு புதுக் கதைக்கு எங்கே போவது? சினிமாவும் டி.வி.யும்தான் கதி. இதில் எனக்கு வெட்கமில்லை. இந்த வகை விளையாட்டுகளுக்கெல்லாம் மூத்தது 1974ல் அமெரிக்காவில் வெளியான 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. அதை உருவாக்கிய இருவரில் ஒருவரான கேரி கைகாக்ஸ், தன் 1979ஆம் ஆண்டுக் கையேட்டில் தனக்குத் தூண்டுதலான நூல்களைப் பட்டியலிட்டிருக்கிறார். பேய்ப் படங்களுக்கும் விஞ்ஞானக் கற்பனைப் படங்களுக்கும் பட்ட கடனையும் ஒப்புக்கொள்கிறார். இரும்பைத் துருவாக்கித் தின்னும் அந்த விளையாட்டின் பிராணி ஒன்று, ஹாங்காங்கில் செய்த மலிவான பிளாஸ்டிக் பொம்மையைப் பார்த்துப் பிறந்தது. சினிமா மட்டும் என்ன யோக்கியம்? குரோசவாவின் 'யோஜிம்போ' (1961) மூன்றே வருடத்தில் 'எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்' ஆனது. ஜப்பானியர்கள் வழக்குப் போட்டு வசூலில் பங்கு வாங்கினார்கள். சாப்பாட்டு மேஜைக்கு யாரும் வக்கீல் நோட்டீஸ் அனுப்புவதில்லை.

ஆனால் திருடுவதிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. படத்தின் கதை என்பது கதாநாயகன் எடுத்த முடிவுகளின் வரிசை. என் கதாநாயகர்களோ எதிரே உட்கார்ந்து பாக்கர்வடி தின்றுகொண்டிருக்கிறார்கள்; இரண்டாவது காட்சியிலேயே வேறு முடிவு எடுப்பார்கள். ஆகவே கிளைமாக்ஸைத் திருடிப் பயனில்லை. திருடத் தகுந்தது தொல்லை மட்டுமே: யாருக்கு என்ன வேண்டும், யார் குறுக்கே நிற்கிறார், எத்தனை நாள் கெடு.

துப்பறியும் கதைதான் ரொம்பப் படுத்தும். 1993ல் தூர்தர்ஷனில் வந்த 'பியோம்கேஷ் பக்ஷி'யை நான் நிறையச் சுரண்டியிருக்கிறேன். பியோம்கேஷின் கண்ணிலிருந்து தடயம் தப்பாது. கதாசிரியர் அவர் பக்கம். பல் டாக்டரோ ரத்தக்கறை படிந்த கம்பளத்தின் மேல் நின்றுகொண்டு வெளியே குதிரை இருக்கிறதா என்று விசாரிப்பார். அதனால் ஒரு தடயத்தை மூன்று இடத்தில் ஒளித்து வைக்கிறேன்.

வெளியூர்த் தமிழனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. 'ஷோலே'யை எடுத்தால் ஐந்தாவது நிமிடத்தில் பிடித்துவிடுவார்கள். எஸ்.பாலசந்தரின் 'அந்த நாள்' (1954) யாருக்கும் தெரியாது. ரேடியோ இன்ஜினியர் சுடப்பட்டுக் கிடக்கிறார், சுற்றியிருப்பவர்கள் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். பாட்டே இல்லாத அந்தப் படத்தை வைத்து மூன்று ஞாயிறு ஓட்டினேன். அபாரமான கற்பனை என்று என் முதுகில் தட்டினார்கள். நான் மறுக்கவில்லை.

போன மழைக்காலத்தில் 'செவன் சாமுராய்'க்குப் போனேன். 1954ல் வந்த குரோசவா படம். அறுவடையைக் கொள்ளையடிக்க வரும் கும்பலை எதிர்க்க, ஏழை கிராமத்தார் வாள் வீரர்களைச் சோறு போட்டுக் கூட்டி வருகிறார்கள். அதில் ஓர் இடம். ஊர் இருபது வீடு. பாலத்துக்கு அப்பால் மூன்று வீடு. மூன்றைக் காப்பாற்றப் போனால் இருபதும் போகும் என்கிறார் தலைவர் கம்பெய். அந்த வீட்டுக்காரர்கள் ஈட்டியை எறிந்துவிட்டு நடக்கிறார்கள். கம்பெய் வாளை உருவி அவர்களைத் திரும்ப விரட்டுகிறார். படத்தில் சில நிமிடங்கள்தான். சரியான முடிவு என்றே பார்ப்பவர்களுக்குத் தோன்றும், எனக்கும் தோன்றியது.

எங்கள் மேஜையில் தலைவர் பாத்திரம் வங்கி அதிகாரிக்கு. அவர் பகடையைத் தொடவில்லை. "அந்த மூணு வீட்ல யார் யார் இருக்காங்க? பேர் சொல்லுங்க" என்றார். சொன்னேன். ஒரு தச்சன், ஒரு புது மணத் தம்பதி, தனியாக ஒரு கிழவி. "பாலத்துக்கு இந்தப் பக்கம் இவங்களுக்கு எவ்வளவு நிலம்? யார் கொடுக்கறா?"

அவருடைய தாத்தாவின் வீடு கொய்னா அணை நீருக்கு அடியில் இருக்கிறது. 1960களில் ஊரைக் காலி செய்தவர்கள். எப்போதோ பேச்சுவாக்கில் சொன்னது. யாரும் அதை இப்போது நினைவுபடுத்தவில்லை.

இரண்டு ஞாயிறுகள் கொள்ளைக்காரர்கள் வரவே இல்லை. இருபது வீட்டுக்காரர்களாக நான் பேசினேன்: எங்களுக்கே போதவில்லை, முதலில் உயிர் பிழைப்போம். அவர் ஒவ்வொருவரிடமும் அரை வயல், கால் வயல் என்று எழுதி வாங்கினார். மகாராஷ்டிரத்தில் 'சாத்பாரா' என்று நிலக் கணக்கு உண்டு, நம் சிட்டா அடங்கல் மாதிரி. கிட்டத்தட்ட அதே கட்டங்களைக் காகிதத்தில் போட்டார். "நாளைக்கு அவன் வந்து வெட்டப்போறான், நீங்க பத்திரம் எழுதறீங்க!" என்று கத்தினார் பூசாரியாக ஆடிய பல் டாக்டர். அது பூசாரியின் கோபம் மட்டுமில்லை என்று நினைக்கிறேன். "நாளைக்கு அப்புறம் யாரும் எழுத மாட்டாங்க" என்றார் அவர், காகிதத்தைவிட்டு நிமிராமல்.

சண்டை முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. கல்லூரி மாணவனின் வில்லாளி செத்துப்போனான். அவன் மறுபடி புதுப் பாத்திரம் எழுதிக்கொண்டிருக்கிறான். கிழவி கடைசிவரை பாலத்தைத் தாண்டவில்லை. மற்ற இரண்டு குடும்பங்கள் தாண்டின. அறுவடை களத்துக்கு வந்துவிட்டது. இருபது வீட்டுக்காரர்களில் ஏழு பேர் எழுதிக் கொடுத்த நிலத்தைத் திரும்பக் கேட்கிறார்கள். வருகிற ஞாயிறு பஞ்சாயத்து. எடுத்துக்கொள்ள இதற்குப் படம் எதுவும் என்னிடம் இல்லை.