எங்கள் மேளம், அவர்கள் மேளம்

நான் வேலையில் இருந்த காலத்தில், குவாதுலூப் தீவிலிருந்து ஒருவர் தன் முன்னோர்களின் ஊரைத் தேடிப் புதுவைக்கு வந்தார். 1854 முதல் புதுவை, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் கரும்புத் தோட்ட வேலைக்காகக் கப்பலேறி அங்கே போனார்கள் அல்லவா, அவர்களுடைய வம்சம். அவருக்குத் தமிழ் தெரியாது. பிரெஞ்சில்தான் பேசினோம்.

பழைய பதிவேடு வரும்வரை மேஜைமேல் விரல்களால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். என்ன தாளம் என்று கேட்டேன். "க்வோ கா" என்றார்.

ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்கள் உருவாக்கிய கிராமத்து இசை அது. உப்புக்கண்டம் வந்திறங்கிய மரப் பீப்பாயில் ஆட்டுத்தோலைக் கட்டி மேளம் செய்தார்கள். பீப்பாயைக் குறிக்கும் 'க்ரோ கார்' என்ற பிரெஞ்சுச் சொல்தான் 'க்வோ கா' ஆயிற்று என்று ஒரு கருத்து உண்டு. 'பூலா' என்ற மேளங்கள் தாளத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும். 'மக்கே' என்ற இன்னொரு மேளம், ஆடுபவரின் காலைப் பார்த்து அதற்கேற்ப அடிக்கும். ஆடுபவர் மேளத்துக்கு ஆடுவதில்லை, மேளம்தான் அவருக்கு அடிக்கிறது! ஒருவர் பாட, சுற்றி நிற்பவர்கள் திருப்பிப் பாடுவார்கள். மொத்தம் ஏழு தாளங்கள். 'கலாஜா' மெதுவானது, சோகத்துக்கு உரியது. 'தும்ப்ளாக்' வேகமானது.

1848-இல் அடிமைமுறை ஒழிந்த பிறகும் படித்தவர்கள் இதை மட்டமாகவே பார்த்தார்களாம். அவருடைய பாட்டியும் சின்ன வயதில் அவரைத் தடுத்தாராம், "அது நம்ம மேளம் இல்லை" என்று. அப்படியானால் உங்கள் மேளம் எது என்று கேட்டேன்.

"தப்பு. மாரியம்மன் கோயிலில் அடிப்போமே" என்றார் பெருமையாக.

எனக்குப் பேச்சு வரவில்லை. எங்கள் தெருவில் தப்புச் சத்தம் கேட்டால் என் அப்பா ஜன்னலைச் சாத்துவார். நான் ஒருநாள் தகர டப்பாவில் அந்த அடியை அடித்துப் பார்த்து முதுகில் வாங்கினேன். அப்பா சொன்னதும் அதே வார்த்தைதான்: "அது நம்ம மேளம் இல்லை."

அவர் தேடிய பெயர் அன்று பதிவேட்டில் கிடைக்கவில்லை. கைகுலுக்கிவிட்டுப் போய்விட்டார். என் அப்பாவைப் பற்றி நான் அவரிடம் சொல்லவில்லை.

2014-இல் க்வோ காவை யுனெஸ்கோ தன் கலாசார மரபுப் பட்டியலில் சேர்த்தது. அந்தச் செய்தியைப் படித்தபோது அவர் நினைவுதான் வந்தது. இப்போதெல்லாம் தெருவில் தப்பு போனால் வாசலில் வந்து நிற்கிறேன். ரொம்பத் தாமதம்தான்.