தெருவுக்கு மதிப்பெண்



என் துணைவியாருக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாதம் ஆகிறது. "ஊர்ல எப்படிப்பா தனியாப் பார்த்துக்குவீங்க? கோவைக்கே வந்துடுங்க" என்றான் மகன்.

போய்ப் பார்த்தேன். நல்ல வீடு, நான்காவது மாடி. லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் நுழையாது. பார்த்துக்கொள்ள ஆள் அனுப்பும் ஏஜென்சிகள் நிறைய. "அந்தப் பெண் ஒருநாள் லீவு போட்டால் யார் வருவார்கள்?" என்று மூன்று இடத்தில் கேட்டேன். ஒருவரும் நேராகப் பதில் சொல்லவில்லை.

திரும்பி வந்து நம் தெருவையும் அதே கண்ணால் பார்த்தேன். 108 வண்டி வாசல்வரை வரும். 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' மூலம் பிரஷர், சுகர் மாத்திரை வீடு தேடி வருகிறது, பிசியோதெரபிஸ்டும் வந்துபோகிறார். பக்கத்து வீட்டில் கூப்பிட்டால் ஓடி வருவார்கள்.

ஆனால் இரவுத் துணைக்கு ஆள் இல்லை. கழிவறைக்கு அவரைத் தூக்கிவிட 71 வயதில் என் இடுப்பு இடம் கொடுக்கவில்லை. போன வாரம் இருவருமே விழுந்தோம். அந்த ஒரு கேள்வியில் நம் தெரு ஃபெயில்.

மகனிடம் சொல்லிவிட்டேன்: பொங்கலுக்குள் ஆள் கிடைத்தால் இங்கே, இல்லையென்றால் கோவை, ஆனால் தரைத்தள வீடு.

இரவு தங்க நம்பிக்கையான பெண் யாராவது தெரிந்தால் சொல்லுங்கள். உங்கள் பெற்றோர் இருக்கும் தெருவிலும் ஒருமுறை நடந்து பாருங்கள்.