பழைய லொறியும் புதிய பிரேக்கும்

ஓடும் வண்டிக்கு நிற்கவும் தெரிந்திருத்தல் வேண்டும். 1930ஆம் ஆண்டில் பிறந்த அமெரிக்கப் போர்ட் லொறியொன்றை எம் அயலவர் பேணி வருகின்றார். எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் பிரேக்கை அக்கம்பனியின் வண்டிகள் 1939ஆம் ஆண்டு மாதிரிகளிலேதான் பெற்றன. இதிலோ பாதத்தின் விசையை இரும்புக் கோல்களே சில்லுகளுக்குக் கொண்டுசெல்கின்றன.

சென்ற விடுமுறையில் அவருக்குத் துணைநின்றோம். முன்சில்லு இரண்டில் ஒன்றின் லைனர் மட்டுமே தேய்ந்திருந்தது. “அதை மட்டும் மாற்றினால் போதாதா, மாமா?” என்றான் எம் மகன்.

“இரண்டும் ஒருமிக்கப் பிடிக்கவேணும், தம்பி. இல்லாட்டி லொறி ஒரு பக்கம் இழுத்துப்போடும்” என்றார் அவர்.

பழைய லைனரில் அஸ்பெஸ்டஸ் இருக்கக்கூடும். அதன் தூசி நுரையீரலுக்கு நஞ்சு. ஆதலின் ஊதாமலும் தட்டாமலும் ஈரத்துணியால் துடைத்தெடுத்தோம்.

சிக்கனம் நன்றே. ஆயினும் பிரேக்கில் அரைவேலை ஆகாது. தெருவில் நடக்கும் பிள்ளையின் உயிரும் அதனிடமன்றோ உள்ளது!