நீருக்குள் இறங்கும் படிகள்

திருத்தூதர் பணிகள் நூலின் 27-ஆம் அதிகாரத்தை வாசிப்போர், லீக்கியா நாட்டு மீரா நகரின் பெயரை ஒரே வரியில் கடந்துவிடுவர். கைதியாக உரோமைக்கு அனுப்பப்பட்ட புனித பவுல், நம் முன்னோர் சின்னப்பர் என்றழைத்த அதே திருத்தூதர், அங்கேதான் கப்பல் மாறினார். இத்தாலிக்குப் புறப்படவிருந்த அலெக்சாந்திரியாக் கப்பல் ஒன்றில் நூற்றுவர் தலைவர் அவரை ஏற்றினார். பின்னர் 276 பேரோடு மால்டாத் தீவருகே உடைந்தது அக்கப்பலே. மீரா இன்று துருக்கி நாட்டின் தென்கரையில் தெம்ரே என்னும் சிற்றூராக விளங்குகிறது. அதற்கு மேற்கே, கெக்கோவா என்ற நீண்ட தீவின் ஓரமாக, ஒரு பழைய ஊர் பாதி நிலத்திலும் பாதி நீரிலுமாகக் கிடக்கின்றது. அதனைத் துடுப்புப் பலகையில் நின்றபடியே சென்று காணும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது.

துடுப்புப் பலகை என்பது சுமார் 3 மீட்டர் நீளமுள்ள, காற்றடைத்த மிதவை. கட்டுமரத்தில் நின்று துடுப்பு வலிப்போரைக் கண்டவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. அறுவர் கொண்ட எங்கள் குழுவிற்கு அவ்வூர் இளைஞர் ஒருவர் வழிகாட்டியாக வந்தார். உயிர்காப்புச் சட்டையை அணிவித்து, பலகையோடு பிணைத்த கயிற்றைக் கணுக்காலில் கட்டிய பின்னரே எங்களை நீரில் விட்டார். முதலில் முழந்தாளிட்டுத் துடுப்பிட வேண்டும்; உடல் நிலைகொண்ட பின் மெல்ல எழ வேண்டும்; காலைப் பாராமல் தொலைவைப் பார்க்க வேண்டும். நண்பகலுக்குப் பின் காற்று வலுக்குமாதலால் அதற்குள் திரும்பிவிட வேண்டும் என்பதும் அவர் இட்ட கட்டளை.

புறப்பட்ட இடம் உச்சாயிஸ் என்னும் மீனவச் சிற்றூர். ‘மூன்று வாய்’ என்பது அப்பெயரின் பொருள். ஊரின் ஓரத்திலேயே பண்டைய லீக்கியரின் கற்பேழைக் கல்லறைகள் நிற்கின்றன. கவிழ்த்து வைத்த படகினைப் போன்றவை அவற்றின் மூடிகள். கடலையே வாழ்வாகக் கொண்ட மக்கள், இறந்த பின்னும் படகின் நிழலிலேயே துயில்கின்றனரோ என்று எண்ணத் தோன்றுகிறது.

உள்கடல் அன்று கண்ணாடிபோல் அசைவற்றிருந்தது. தீவின் வடகரையை அணுகியபோது எங்கள் பேச்சு தானாகவே அடங்கிற்று. பாறையில் வெட்டிய படிகள் சரிவிலிருந்து இறங்கி வருகின்றன. நீர்மட்டத்தில் நின்றுவிடாமல், தெளிந்த நீலத்திற்குள்ளும் தொடர்ந்து இறங்குகின்றன. வீட்டுச் சுவர்களின் அடித்தளங்களும் உடைந்த சாடிகளின் ஓடுகளும் அடியில் தெரிகின்றன. பற்பல நூற்றாண்டுகளில் நேர்ந்த நிலநடுக்கங்களால் தரை தாழ்ந்து, கடல் உள்ளே புகுந்ததன் விளைவு இது. இயந்திரப் படகில் விரைவோர்க்கு இவை ஒரு நொடிக் காட்சியே. எமக்கோ, ஒவ்வொரு படியையும் எண்ணிப் பார்க்கும் நேரம் இருந்தது.

குழுவிலிருந்த கல்லூரி மாணவன் ஒருவன், பானை ஓடொன்றைக் கண்டு நீரில் குதிக்க முற்பட்டான். வழிகாட்டி தம் துடுப்பை நீட்டி அவனைத் தடுத்தார். 1990-ஆம் ஆண்டு முதல் இது காக்கப்பட்ட பகுதி. மூழ்கிய ஊரின்மீது நீந்துதலும் முக்குளித்தலும் கூடா. வருவோர் ஒவ்வொருவரும் ஓர் ஓட்டை எடுத்துச் சென்றால், தம் பேரப் பிள்ளைகளுக்குக் காட்ட வெறும் மணலே எஞ்சும் என்று அவர் அமைதியாகக் கூறினார். மாணவன் நாணித் தலைகவிழ்ந்தான். அப்பால் கரை சேரும்வரை யாவரினும் கவனமாகத் துடுப்பிட்டவன் அவனே.

எதிர்க்கரையில் உள்ளது கலேகோய், பண்டைய சிமேனா. அங்கே நீருக்கு நடுவே ஒரு கல்லறை தனித்து நிற்கிறது. குன்றின்மேல் கோட்டை, அதனுள் பாறையைக் குடைந்து அமைத்த, சுமார் 300 பேர் அமரக்கூடிய சிறிய அரங்கம். மோட்டார் வண்டி செல்லும் சாலை இவ்வூருக்கு இல்லை. கடல் வழியாகவோ கால்நடையாகவோதான் வந்து சேர வேண்டும்.

மறுநாள் தெம்ரே சென்றோம். நான்காம் நூற்றாண்டில் மீராவின் ஆயராக விளங்கிய புனித நிக்கோலாசின் ஆலயம் அங்குள்ளது. வரதட்சணைக்கு வழியற்ற மூன்று பெண்களின் இல்லத்தில், இரவில் எவரும் அறியாமல் பொன்முடிப்புகளை இட்டவர் என்று மரபு போற்றும் ஆயர் அவர். 1087-இல் இத்தாலிய மாலுமிகள் அவருடைய திருப்பண்டங்களைப் பாரி நகருக்குக் கொண்டு சென்றனர். ஆற்று வண்டல் ஆலயத்தைச் சூழ்ந்து மூடியது. பின்னர் அது அகழ்ந்தெடுக்கப்பட்டது. ஆயினும் டிசம்பர் 6-ஆம் நாள் அவர் பெயர் உலகெங்கும் நினைக்கப்படுகிறது.

இக்கரைக்குச் செல்ல விழைவோர் வேனிற்கடுமை இல்லாத ஏப்ரல், மே, அக்டோபர் மாதங்களைத் தேர்ந்துகொள்வது நலம். நீந்தத் தெரியாதோரும் முதியோரும் படகிலேயே செல்லலாம். எவ்வழிச் சென்றாலும் அந்த இளைஞரின் துடுப்பை மனத்தில் கொள்வோமாக. முன்னோர் விட்டுச் சென்ற செல்வத்துள் சில, எடுத்து அனுபவிப்பதற்கு உரியவை. சிலவோ, கண்ணால் கண்டு, கைபடாமல் பின்வருவோர்க்கு விட்டுச் செல்வதற்கே உரியவை.